துளைக்குள் ஒரு பொட்டு

ஆயுத பூஜையன்று எதற்கெல்லாம் சந்தனப் பொட்டு வைக்கலாம், எதற்கு வைக்கக் கூடாது என்று சேஷனுக்கும் மதியழகனுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஸ்பேனர், சுத்தியல், ஜாக், வெல்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் வைக்கலாம். டிராக்டரின் மூக்கில் ஒன்று, பெரிதாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கழற்றிச் சுத்தம் செய்து, பொருத்துவதற்குத் தயாராக இருக்கும் பாகங்களின் பக்கம் சந்தனக் கிண்ணம் போகக் கூடாது. "உன் சாமி வெளியில நிக்கட்டும்டா சேஷா, உள்ள மட்டும் விடாதே" என்பார் மதியழகன். சேஷனும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

சேஷன் அமைச்சகம் ஒன்றில் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவர். மதியழகன் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் மெக்கானிகல் என்ஜினியராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் தில்லி கரோல் பாகில் ஒரே அறையில் தங்கி ஒரே ஸ்டவ்வில் சாதம் வடித்தவர்கள். ஒருவர் சந்தியாவந்தனம் செய்யும்போது இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடவுள் இல்லை என்பதற்கு ஆதாரம் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் மசியவில்லை, சண்டையும் வரவில்லை. இப்போது ஜனக்புரியில் அடுத்தடுத்த பிளாக்கில் வீடு. மதியழகனின் மனைவி உமாமகேஸ்வரி காலமான பிறகு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு சேஷன் வீட்டில்தான்.

ஓய்வு பெற்றவர்கள் நடக்கப் போவார்கள், பஜனைக்குப் போவார்கள், வாட்ஸ்அப்பில் கட்சிச் சண்டை போடுவார்கள். இவர்கள் மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய் ஒரு டிராக்டரை வாங்கிக்கொண்டு வந்தார்கள். டயர் வைத்த டிராக்டர் இல்லை. டாங்கி மாதிரி இரும்புப் பட்டைச் சங்கிலியில் ஊர்ந்து போகிற வகை. இவர்கள் பிறப்பதற்கு முன்பே காடு திருத்தக் கப்பலில் வந்து இறங்கியதாம். அதை ஓடவைத்தே தீருவது என்று நஜஃப்கட் பக்கம் சௌத்ரி ஒருவரின் எருமைக் கொட்டிலை ஒட்டிய தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள். "இந்த வயசுல ரெண்டு பேருக்கும் பொம்மை கேக்கறது" என்றாள் சேஷனின் மனைவி ஜலஜா. சொன்னாளே தவிர, இரண்டு பேருக்கும் டப்பா கட்டிக் கொடுத்து அனுப்பியதும் அவள்தான்.

இந்தப் பழைய வண்டியில் பாதி வேலை, ஒன்றுக்குள் ஒன்றை இறுக்கி இறக்குவது. ஒரு துளை இருக்கும். அதற்குள் புஷ் என்கிற எஃகுக் குழாயை இறக்க வேண்டும். குழாய் துளையைவிடத் தலைமுடி கனத்தில் பாதி பெரிதாக இருக்கும். பெரிதாக இருந்தால்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். கம்பெனிகளில் இதற்கென்றே ஆளுயர பிரஸ் வைத்திருப்பார்கள். இவர்களுக்கு எங்கே போவது? மதியழகன் பழைய லாரிச் சட்டத்தின் சேனல் இரண்டை வெட்டி, நான்கு மூலையிலும் நீளமான மரையாணிகளைப் போட்டு ஒரு கூண்டு செய்தார். நடுவில் லாரிக்காரர்கள் டயர் மாற்ற வைத்திருக்கும் பாட்டில் ஜாக். ஜாக்குக்கும் புஷ்ஷுக்கும் நடுவே வைத்து அழுத்த, லாரி பிஸ்டனிலிருந்து கழற்றிய எஃகு உருளை. புஷ் கோணாமல் நேரே இறங்க வழிகாட்டியாக ஒரு கட்டை வேண்டியிருந்தது. ஜலஜாவின் சப்பாத்திக் குழவி ஒரு நாள் காணாமல் போனது. அது கொட்டகையில் மூன்று துண்டாகக் கிடப்பதை அவளே வந்து கண்டுபிடித்தாள்.

"கட்டை நல்ல சீசம் மரம் ஜலஜாம்மா. வீணா சப்பாத்தி தேய்ச்சுக்கிட்டிருந்தீங்க" என்று மதியழகன் சமாதானம் சொன்னார்.

இப்படியே கெஞ்சியும் திருடியும் செய்த கருவிகளால் வண்டியின் பின்பக்கம் முழுதும் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது முன்சக்கரம். சங்கிலியை முன்னால் தாங்கித் திருப்பும் பெரிய சக்கரம். அதன் நடுவே இருக்கும் ஹப் என்கிற வார்ப்பிரும்புக் குடம்தான் உயிர். ஒரு பக்கத்து ஹப் எப்போதோ உடைந்து, யாரோ அதைத் தூக்கி எறிந்திருந்தார்கள். மாற்று ஹப் கிடைக்காமல் லூதியானா, மீரட், மோகா என்று அலைந்து, கடைசியில் ராஜஸ்தானத்தில் ஒரு கிணற்றடியில் மாடு கட்டப் பயன்பட்டுக்கொண்டிருந்த ஹப்பை மதியழகன் பெயர்த்துக்கொண்டு வந்தார். இன்னொன்று இந்தத் தேசத்தில் இருக்கிறதா என்றே தெரியாது. அதில் பழைய வெல்டிங் ஒட்டு ஒன்றும் இருந்தது. அதனால் ஹப்பைச் சூடு காட்டி விரிய வைக்க மதியழகன் பயந்தார். சூடு பட்டால் ஒட்டு விட்டுக்கொள்ளும். அதற்குப் பதில் புஷ்ஷை ட்ரை ஐஸில் போட்டுக் குளிரச் செய்து சுருக்கலாம், சுருங்கின சூட்டோடு உள்ளே இறக்கிவிடலாம் என்பது திட்டம். சூடு என்பது வாய்க்கு வந்த வார்த்தை. கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிர் அது.

"நாலு மூச்சு விடற நேரம்தான். அதுக்குள்ள அடி வரைக்கும் போயிடணும். நடுவுல நின்னுச்சுன்னா விரிஞ்சு பிடிச்சுக்கும், அப்புறம் பிரம்மா வந்தாலும் அசையாது" என்றார் மதியழகன்.

"பிரம்மா இல்லேன்னு சொல்லுவியே."

"அதனாலதான் வர மாட்டாருன்னு சொல்றேன்."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியழகன் துளையை மைக்ரோமீட்டரால் அளந்தார். புஷ்ஷை அளந்தார். மறுபடியும் அளந்தார். துளையின் உட்சுவரைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி துடைத்து, ஜலஜாவின் பழைய நூல்புடவைத் துண்டால் ஹப்பைச் சுற்றி மூட்டையாகக் கட்டினார். அது அவருடைய வழக்கம். துடைத்துக் கட்டிய பொருளைப் பொருத்துகிற நேரத்தில்தான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த பிறகு மறுபடி துடைக்க மாட்டார். துடைக்கிற துணியிலிருந்து ஒரு நூல் உதிர்ந்தாலும் வம்பு. அந்த மூட்டையை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டதும் கிடையாது.

மறுநாள் சேஷன் தனியாகக் கொட்டகைக்குப் போய்ப் பூஜை போட்டார். மதியழகன் இதற்கெல்லாம் வர மாட்டார், பொரி கடலையை மட்டும் பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். சேஷன் கருவிகளை எல்லாம் பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, கதம்பம் போட்டு, கற்பூரம் காட்டினார். சௌத்ரியின் எருமை ஒன்று தகரத்துக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது. எல்லாம் முடிந்து கிண்ணத்தை மூடப் போகையில் புடவைத் துணி மூட்டை கண்ணில் பட்டது.

சேஷனுக்கு மனது கேட்கவில்லை. சுத்தியலுக்கு உண்டு, துருப்பிடித்த ரம்பத்துக்கு உண்டு, இத்தனை ஊர் அலைந்து கொண்டுவந்த இதற்கு மட்டும் இல்லையா? பண்டிகை நாளில் பந்தியில் எல்லாக் குழந்தைக்கும் பாயசம் ஊற்றிவிட்டு ஒன்றை மட்டும் வெறும் இலையோடு உட்கார வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. நாளைக்கு எது நடந்தாலும் அந்தக் குறையால்தான் நடந்தது என்று தோன்றிவிடுமே என்றும் பயம். முடிச்சை அவிழ்த்தார். வெளியே வைத்தால் மதி பார்த்துவிடுவான், ஆயுசு முழுக்கக் கேலி செய்வான். ஆகவே துளைக்குள் விரலை விட்டு, உட்சுவரில், துவரம்பருப்பு அளவுக்குச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். திரும்ப அதே மாதிரி மூட்டை கட்டி, அதே மாதிரி முடிச்சுப் போட்டார். ஆயுள் முழுக்க ஃபைலுக்கு நாடா கட்டிய கை. முடிச்சில் வித்தியாசமே தெரியவில்லை.

இந்த இடத்தில் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட ஆள் இல்லாமல் போயிற்று. ஒளித்து வைக்க வேண்டும் என்பதற்காகவே, வைக்கக் கூடாத ஒரே இடத்தில் வைத்தார் மனிதர். அது அவருக்கு உறைக்கவே இல்லை. சந்தனம்தானே, நெற்றியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடுகிறதே என்றுதான் நினைத்தார்.

விஜயதசமியன்று காலை, ஐஸ்கிரீம் டிப்போவிலிருந்து வாங்கிவந்த ட்ரை ஐஸ் பெட்டியில் புஷ் கிடந்து வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. சேஷன் கையுறை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். மதியழகன் மூட்டையை அவிழ்த்து, ஹப்பைக் கூண்டுக்குள் ஏற்றினார். கூண்டுக்குள் இருட்டு, துளைக்குள் அதைவிட இருட்டு. "ம்" என்றார். சேஷன் இடுக்கியால் புஷ்ஷை எடுத்துக் கொடுக்க, மதியழகன் வழிகாட்டிக் கட்டையோடு சேர்த்து அதைத் துளையில் நட்டார்.

வழுக்கிக்கொண்டு இறங்கியது. சேஷனுக்கு வாய் நிறையச் சிரிப்பு வந்தது. பிறகு பாதியில், யாரோ உள்ளேயிருந்து தடுத்த மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

"ஜாக்! ஜாக்! ஜல்தி!" என்று கத்தினார் மதியழகன்.

சேஷன் ஜாக்கின் கைப்பிடியை அடித்தார். உருளை புஷ்ஷை அழுத்தியது. சேனல் முனகியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மதியழகன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்த மாதிரி இருந்தது. ஹப் வாயிலிருந்து அடிவரை பிளந்திருந்தது.

மதியழகன் வெளியே போய் எருமைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். சேஷன் கூண்டைத் தளர்த்தி, பிளந்து விழுந்த துண்டை எடுத்துத் திருப்பினார். உட்சுவரில், புஷ் முட்டி நின்ற இடத்தில், காய்ந்து இறுகிய சந்தனம் அப்பிக்கொண்டு நின்றது. அதன்மேல் குங்குமம் சிவப்பாக இழுபட்டிருந்தது.

அடுத்த நொடி சேஷன் செய்ததை அவரே கூட யோசித்துச் செய்யவில்லை. கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார்.

மதியழகன் திரும்பி வந்து துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார். அளந்து பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. துளை இரண்டாகிவிட்டது. புஷ் மேலெல்லாம் கீறல்.

"நான்தான் தப்பா அளந்திருக்கேன்" என்றார்.

"அப்படியெல்லாம் இருக்காதுடா."

"வேற என்ன? துடைச்சது நான், கட்டினது நான், அவிழ்த்தது நான். கூட யாரு கை பட்டுச்சு?" மதியழகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். போன குளிர்காலத்தில்தான் ஒரு கண்ணுக்குப் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள். "உண்மையைச் சொல்லுடா சேஷா. என் கண்ணு போயிடுச்சா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'உன் கண்ணுல தப்பில்லைடா, என் கையிலதான் தப்பு.' அதைச் சொல்லியிருந்தால் மதியழகன் நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பார், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருப்பார், நாத்திகப் பிரசங்கம் ஒரு மாதத்துக்கு நடந்திருக்கும். இத்தனை வருஷம் வாதாடியதில் கிடைக்காத வெற்றி அவருக்கு ஒரு பருப்பளவுச் சந்தனத்தில் கிடைத்திருக்கும். சேஷனுக்கு அதுதான் தொண்டையில் நின்றது. தோற்றுப்போவது.

"வயசாறதே மதி" என்றார். "எல்லாருக்கும் வர்றதுதானே."

மதியழகன் தலையை ஆட்டிக்கொண்டார். சாயங்காலம் அவர்கள் திரும்புகையில் தித்தார்பூர் பக்கமிருந்து லாரிகளில், அன்றிரவு கொளுத்துவதற்கான கடைசி ராவண பொம்மைகள் போய்க்கொண்டிருந்தன. மதியழகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்ப்பதும், பிறகு அதை மூடி மற்றதால் பார்ப்பதுமாக வந்தார். சேஷன் அதைப் பார்க்காதவர் போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மதியழகன் கொட்டகைக்குப் போவது குறைந்தது. போனாலும் எதையாவது எடுத்து அளப்பார், மறுபடி அளப்பார், எண்ணைச் சொல்லிவிட்டு, "நீ பாரு, சரியா?" என்று சேஷனிடம் நீட்டுவார். சேஷன் பார்ப்பார். எப்போதும் சரியாகவே இருக்கும். "சரிதான்டா" என்றால், "எனக்காகச் சொல்லாதே" என்பார். மரையாணி முடுக்குகிற சாதாரண வேலைக்குக்கூடக் கை தயங்கியது. ஒரு நாள் சாப்பிடும்போது ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றிக்கொண்டு, "பார்த்தியா" என்றார். ரசத்தை யார்தான் சிந்தவில்லை? ஆனால் அவர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

சேஷனுக்குத் தூக்கம் போயிற்று. சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் கிளம்பி, மதியழகன் வீட்டு வாசல் வரை போய், கையில் இருந்த வற்றல்குழம்பு டப்பாவை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். இன்னொரு நாள் போனில், "மதி, அந்த ஹப் விஷயமா" என்று ஆரம்பித்தார். "விடுடா, போனது போகட்டும். எனக்குத் தைரியம் சொல்லிச் சொல்லி உனக்கும் அலுத்திருக்கும்" என்று அவர் வைத்துவிட்டார். பூஜை அறையில் நின்றால் சந்தனக்கல் கண்ணில் பட்டது. பகவானே, உனக்காகத்தானே வைத்தேன் என்று முறையிட்டுப் பார்த்தார். பகவான் அந்தப் பழியை வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

தீபாவளி லீவுக்கு மதியழகனின் மகள் புனேயிலிருந்து வந்தாள். தனித்தமிழில்தான் பெயர் வைப்பேன் என்று சபதம் செய்திருந்த மனிதரின் மகளுக்கு ஜ்யோத்ஸ்னா என்று பெயர். பிரசவத்தின்போது மாமியார் முந்திக்கொண்டுவிட்டார். தில்லியில் பிறந்து வளர்ந்தவள், அப்பாமேல் உயிரை வைத்திருப்பவள். அம்மா போனதிலிருந்து அவரைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் டிராக்டரைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவரே அவளிடம் ஹப் உடைந்த கதையைச் சொல்லிவிட்டார்.

கண் டாக்டரிடம் போகும்போது சேஷனும் கூடப் போனார். ஆபரேஷன் செய்த கண் நன்றாக இருக்கிறது, இன்னொன்றில் புரை லேசாக ஆரம்பித்திருக்கிறது, இந்த வயதில் சகஜம் என்றார் டாக்டர். "பாரீக் வேலை செய்யலாமா டாக்டர் சாப்?" என்று மதியழகன் இந்தியில் கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, இந்த வயதில் எதற்கு நுணுக்கமான வேலை, பேரப்பிள்ளைகளோடு விளையாடுங்கள் என்றார். டாக்டருக்கென்ன, அடுத்த நோயாளி காத்திருந்தார். மதியழகன் முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று.

வெளியே வந்ததும் ஜ்யோத்ஸ்னா சேஷனை ஓரமாக அழைத்தாள். "அங்கிள், நீங்களே சொல்லுங்க. நாளைக்கு அந்த ஜாக் நழுவி அப்பா மேல விழுந்துட்டா? எனக்கு புனேல போன் வரும், நான் ஃப்ளைட் பிடிச்சு வரணும். அம்மாவுக்கு அப்படித்தான் வந்தேன். முஜ்ஸே நஹீ ஹோகா, அங்கிள். இன்னொரு தடவை என்னால முடியாது." அழுதாள். "நீங்க சொன்னா கேப்பாரு. ப்ளீஸ்."

சேஷன், "பார்க்கலாம்மா" என்றார். அந்த நிமிஷம் தன்னை அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அவர் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. மதியழகன் தானே முடிவெடுத்துவிட்டார். வீட்டை வாடகைக்கு விடுவது, டிராக்டரை வந்த வழியே மாயாபுரிக்கு அனுப்புவது, மகளோடு புனே போவது. சனிக்கிழமை காலை கிரேன் வரும் என்று சாப்பிட வந்த இடத்தில் சாதாரணமாகச் சொன்னார். "கண்ணு தெரியாதவன் பிரஸ் ஃபிட் பண்ணக் கூடாதுடா. அடுத்த தடவை இரும்பு உடையாது, உன் கை உடையும்" என்றார். மோருஞ்சாதம் பாதியில் நிற்க, கை கழுவப் போய்விட்டார்.

அன்றிரவு சேஷன் ஜலஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"சந்தனம் அரைச்சது நான்" என்றாள் அவள். "துளைக்குள்ள வைக்கவா அரைச்சேன்?"

"பகவான் காரியம்னு நெனச்சுண்டு..."

"பகவான் தலையில போடாதேங்கோ. அவர் பொட்டுக் கேட்டார்னே வெச்சுக்குவோம். துடைக்கச் சொன்னாரா? வயசாறதுன்னு சொல்லச் சொன்னாரா? அந்த மனுஷன் நம்மாத்துல உக்காந்து, ரசம் சிந்தினதுக்கு வெக்கப்படறார். நீங்க பார்த்துண்டிருந்தேள். சனிக்கிழமை போய்ச் சொல்லுங்கோ. நானும் வரேன்."

சனிக்கிழமை புகைமூட்டமாக இருந்தது. தீபாவளிப் பட்டாசும் வயல் எரிப்பும் சேர்ந்து சூரியனை மஞ்சள் பொத்தானாக்கியிருந்தன. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது கிரேன்காரன் டிராக்டரின் வயிற்றில் சங்கிலியைக் கோத்துக்கொண்டிருந்தான். ஜ்யோத்ஸ்னா முகமூடி அணிந்து ஓரமாக நின்றாள். மதியழகன், கூண்டைக் கழற்றிச் சேனல்களைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மதி, நிறுத்தச் சொல்லு. நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன். அவன் பாட்டுக்குத் தூக்கட்டும்."

சேஷன் சொன்னார். சுற்றி வளைக்காமல் நேராகவே சொன்னார். மூட்டையை அவிழ்த்ததை, பொட்டு வைத்ததை, திரும்பக் கட்டியதை, உடைந்த துண்டில் சிவப்பைப் பார்த்ததை, அதைத் துடைத்ததை. "உன் அளவுல தப்பே இல்லைடா. என்னாலதான் உடைஞ்சது. உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லை."

மதியழகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, விஜயதசமிக்குப் பிறகு முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

"டேய், அந்த முடிச்சு நான் கட்டினது. காலையில நானே அவிழ்த்தேன். அப்படியேதான் இருந்துச்சு."

"நான் அதே மாதிரி கட்டினேன். ஃபைல் கட்டின கைடா இது."

"பொட்டு வைக்க மாட்டேன்னு சொன்னவன் நீ. இத்தனை வருஷத்துல ஒரு தடவை நீ சொன்ன சொல்லை மீறினியா? நான் கட்டினதைத் தொட்டியா?"

"இந்தத் தடவை தொட்டேன்! சொல்றேனே, காது கேக்கலையா உனக்கு?"

"சரி, காட்டு. எங்க பொட்டு?"

சேஷன் கழிவு இரும்பைப் போட்டு வைத்திருந்த சாக்குக்குள் கையை விட்டு உடைந்த துண்டைத் தேடி எடுத்தார். மண்ணெண்ணெயால் துடைத்த இடத்தில் எண்ணெய்ப் பசை போய், துளை முழுவதும் ஒரே சீராகத் துருப் பிடித்திருந்தது. எங்கு பார்த்தாலும் செம்மண் நிறம். வைத்த விரலுக்கே இடம் தெரியவில்லை. மதியழகன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை. உனக்குத் தெரியுதா?"

"நான்தான் துடைச்சுட்டேன்னு சொல்றேனே!"

ஜலஜா முன்னால் வந்தாள். "மதி அண்ணா, அவர் நெஜத்தைத்தான் சொல்றார். என்கிட்டயும் சொன்னார்."

"எப்ப சொன்னான்?"

"நீங்க ஊருக்குப் போறேன்னு சொன்னேளே, அன்னிக்கு."

"பாருங்க, நான் போறேன்னு சொன்ன அன்னிக்குத்தான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கு" என்றார் மதியழகன். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை, கனிவாக இருந்தது. "உங்களையும் சேர்த்துத் தயார் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கான்."

சேஷனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சட்டைக்குள் கையை விட்டுப் பூணூலைப் பிடித்துக்கொண்டார். "இதைத் தொட்டுச் சொல்றேன் மதி. என் குலதெய்வம் சத்தியமா நான்தான்."

அதைக் கேட்டதும் மதியழகனின் முகம் மாறியது. நெருங்கி வந்து, பூணூலைப் பற்றியிருந்த அந்தக் கையை மெல்லப் பிரித்து எடுத்துவிட்டார்.

"வேணாம்டா. உனக்கு அது எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியும். எனக்காக அதைத் தொட்டு ஒரு பொய் சொல்றே பாரு. நான் இருந்துடணும்னுதானே? எனக்கும் ஆசைதான். ஆனா எனக்கு என் கண்ணைப் பத்தித் தெரியும். நீயே அன்னிக்குச் சொன்னே இல்ல, வயசாறதுன்னு? அன்னிக்குத்தான்டா நீ நெஜம் சொன்னே."

அப்போது தான் சொன்னது பொய், இப்போது சொல்வது நிஜம் என்று எந்த வார்த்தையில் சொல்வது? எந்தச் சத்தியத்தின் மேல் சொல்வது? இருந்த ஒன்றையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. பெரிய சத்தியம் செய்யச் செய்ய, மதியின் கண்ணில் சேஷன் இன்னும் பெரிய நண்பனாகத்தான் ஆகிக்கொண்டிருந்தார்.

கிரேன் உறுமியது. டிராக்டர் தரையை விட்டு எழுந்து, முன்சக்கரம் இல்லாத பக்கமாகச் சாய்ந்து, அந்தரத்தில் மெதுவாகத் திரும்பியது. சௌத்ரி எருமைகளைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மதியழகன் டிரைவரைப் பார்த்து, "பையா, ஆராம் ஸே" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே அதன் பின்னால் போய்விட்டார். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது பின்னாலிருந்து தெரிந்தது.

ஜ்யோத்ஸ்னா முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுச் சேஷனிடம் வந்தாள். அவளும் அழுதிருந்தாள்.

"அங்கிள், அப்பா எப்பவும் சொல்லுவாரு, எனக்கு சாமி கிடையாது, சேஷன்தான் இருக்கான்னு. இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது."

"இல்லம்மா, நான் சொல்றதைக் கேளு..."

அவள் கேட்கவில்லை. தில்லியில் வளர்ந்த பெண். குனிந்து அவருடைய இரண்டு கால்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சேஷன் பின்னால் நகரப் பார்த்தார். பின்னால் ஜாக் கிடந்தது. ஜலஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண் குனிந்தபடியே காத்திருந்தாள். காலைத் தொட்டவளை ஆசீர்வதிக்காமல் எத்தனை நேரம் நிற்க முடியும்?

அவருடைய கை எழுந்து அவள் தலைமேல் போயிற்று.

"நன்னா இரும்மா" என்றார் சேஷன்.